மறுபடியும் வந்துவிட்டதா? முதலில் எண்ணிக் கேளுங்கள்

பிக்ஸட் டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே உடைக்க வருகிறவர்கள் சொல்லும் காரணங்களில், "ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு சார், மறுபடியும் வந்துடுச்சு" என்பதுதான் மனசைப் பிசைகிறது. நான் பி.காம். படித்தவன், டாக்டர் இல்லை. ஆனாலும் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களில் இந்த முடிவு போனில்தான் எடுக்கப்படுகிறது. சென்னையிலிருந்து தம்பி, "இனிமே என்ன, வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க" என்பார். சிங்கப்பூர் அக்காவோ, "நிலத்தை வித்தாவது பார்க்கலாம்" என்பார். இரண்டுமே அவசரம் என்பது என் கட்சி.

உணவுக்குழாய்ப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகும் பலருக்குத் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள். ஆனால் கழுத்தில் ஒரே ஒரு நெறிக்கட்டியாக வருவதும், கல்லீரல், எலும்பு என்று பல இடங்களில் பரவுவதும் ஒன்றல்ல. ஒரே உறுப்பில் மூன்று கட்டிகள் வரை இருந்தால் அதை 'குறைந்த பரவல்' என்று தனியாகப் பார்க்கலாம் என 2023-ல் ஐரோப்பிய நிபுணர்கள் வரையறுத்தார்கள்.

பெயர் மட்டுமில்லை, வைத்தியமும் மாறுகிறது. நம் நாட்டில் அதிகம் காணப்படும் ஸ்குவாமஸ் வகை நோயில், நான்கு இடங்கள் வரை பரவிய 104 பேரைச் சீனாவில் சோதித்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு நோய் முன்னேறாமல் இருந்தது சராசரியாக 6.4 மாதம். மருந்தோடு அந்தந்த இடத்துக்குக் கதிர்வீச்சோ அறுவையோ செய்துகொண்டவர்களுக்கு 15.3 மாதம். இது குணமான கணக்கல்ல, நோய் அடங்கியிருந்த கணக்கு. ஆனால் ஒன்பது மாதம் சின்ன விஷயமா?

எனவே டாக்டரிடம் கேளுங்கள்: எத்தனை இடம்? பெட் ஸ்கேனில் முழு உடம்பையும் பார்த்தாயிற்றா? திசு எடுத்து உறுதி செய்தாயிற்றா? முன்பு கதிர்வீச்சு கொடுத்த இடத்திலேயே வந்திருக்கிறதா? (அப்படியானால் மறுபடி கொடுப்பதில் ஆபத்து அதிகம்.) நோயாளியின் எடையும் தெம்பும் தாங்குமா?

அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய மூன்று துறை டாக்டர்களும் சேர்ந்து உட்காரும் 'ட்யூமர் போர்டு' பார்வைக்குப் போகாமல் ஒருவர் சொன்னதோடு நிற்க வேண்டாம். ஏர்பேட்டிலிருந்து அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருப்பதியில் ஸ்விம்ஸ் இருக்கிறது. அலிபிரி அருகே டாடா அறக்கட்டளையும் தேவஸ்தானமும் சேர்ந்து அமைத்த புற்றுநோய் மருத்துவமனை 2022-ல் திறந்தது. வேலூர் சி.எம்.சி.யும், 1954-லிருந்து இயங்கும் அடையாறும் எட்டும் தூரம்தான்.

பல இடங்களில் பரவியிருந்தால்? அப்போது நிலத்தை விற்பதைவிட, வலியில்லாமல், நாலு வாய் விழுங்க வழி செய்யும் வைத்தியமே பெரிது. விழுங்க முடியாதவருக்கு ஸ்டென்ட் வைப்பதும் வைத்தியம்தான். அதைக் கைவிடுவது என்று யாரும் பேசக்கூடாது.

கடைசியாக என் தொழில் சார்ந்து ஒன்று. டெபாசிட்டை உடைக்குமுன், அதன் பேரிலேயே கடன் கிடைக்குமா என்று உங்கள் கிளையில் விசாரியுங்கள். நிலப் பத்திரத்தில் கை வைப்பது, மேலே சொன்ன கேள்விகளுக்குப் பதில் வந்த பிறகு இருக்கட்டும்.