பச்சைத் தேயிலைக்கு எதிரா ஓட்டுப் போட்டது யாரு?

நீங்க கடையில் வாங்குற கால் கிலோ டீத்தூளுக்கு எங்க தோட்டத்திலிருந்து ஒரு கிலோவுக்கு மேலேயே பச்சை இலை போகணும். 2023ல் அந்த ஒரு கிலோ இலைக்கு எங்களுக்குக் கிடைச்சது 15 ரூபாய் பக்கம். சென்னையில் ஆபீஸ் வாசலில் நின்னு நீங்க குடிக்கிற ஒரு டீ விலைகூட இல்லை. இதுல இலை பறிக்கிற கூலி, உரம், மருந்து, கவ்வாத்துச் செலவு, பேக்டரிக்குக் கொண்டுபோற வண்டி வாடகை எல்லாம் அடங்கணும். அடங்காதுங்க.

அந்த வருஷம் செப்டம்பரில் கோத்தகிரிப் பக்கம் படுகர் சமுதாய விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் உட்கார்ந்தாங்க. கிலோவுக்கு 30 ரூபாய்க்குக் குறையாம ஆதார விலை வேணும்னு கேட்டாங்க. ஊர் ஊரா வந்து உட்கார்ந்தாங்க, பொம்பளைங்களும்தான். டிவியில் ரெண்டு நாள் காட்டினாங்க. இது புதுக் கோரிக்கையும் இல்லை. சோவியத் யூனியன் உடைஞ்சு, நம்ம தூளை மொத்தமா வாங்கிட்டிருந்த ரஷ்யாக்காரன் போனதுல ஆரம்பிச்ச வலி இது. தொண்ணூறுகளோட கடைசியில் விலை சரிஞ்சது, இன்னும் நிமிரலை.

சரி, இதை மறுத்தது யாரு? இந்தக் கேள்விக்குத்தான் இந்த மலையில் யாருக்கும் பதில் தெரியாது.

மாநில ஆளுங்கட்சிக்காரரைக் கேட்டா, "தேயிலை வாரியம் டெல்லிகிட்ட இருக்குங்க, 1953 சட்டமே மத்திய சட்டம்" என்பார். உண்மைதான். வாரியம் வர்த்தக அமைச்சகத்துக்குக் கீழ வருது, விவசாய அமைச்சகத்துக்குக் கீழ இல்லை. அதனால நெல்லு, கோதுமைக்கு அறிவிக்கிற ஆதார விலைப் பட்டியலில் எங்க இலை இல்லை. செடியை நட்டு வளர்க்கிற நான் அரசாங்கக் கணக்கில் என்ன ஆளுன்னே புரியலை. மத்திய ஆளுங்கட்சிக்காரரைக் கேட்டா, "இண்ட்கோ கூட்டுறவு பேக்டரிங்க எல்லாம் மாநில அரசுதானே நடத்துது, டான்டீயும் அவங்கதானே?" என்பார். அதுவும் உண்மைதான். ரெண்டு பேரும் உண்மை பேசியே எங்களைக் கொல்றாங்க.

இங்க அமெரிக்காவைக் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்துக்கோங்க. 2008 செப்டம்பர் 29. திவாலாகிக்கிட்டிருந்த பேங்குகளைக் காப்பாத்த 70,000 கோடி டாலர் கேட்டு ஒரு மசோதா அவங்க கீழ்ச்சபைக்கு வந்தது. ஆதரவு 205, எதிர்ப்பு 228. தோத்துப்போச்சு. கேட்டது குடியரசுக் கட்சி அதிபர் புஷ். அவரு கட்சிக்காரங்களே 133 பேர் எதிர்த்தாங்க, 65 பேர்தான் கூட நின்னாங்க. ஜனநாயகக் கட்சியிலும் 95 பேர் தலைமையை மீறினாங்க. அன்னிக்கே பங்குச் சந்தை 777 புள்ளி விழுந்தது. உடனே பழி போடுற வேலை ஆரம்பிச்சது. சபாநாயகர் நான்சி பெலோசி ஓட்டெடுப்புக்கு முன்னாடி கட்சிச் சார்பா பேசினதால எங்க ஆளுங்க மனசு மாறிட்டாங்கன்னு குடியரசுக் கட்சித் தலைவர்கள் சொன்னாங்க. ஒரு பேச்சால மனசு நொந்தா நாட்டையே தண்டிப்பீங்களான்னு எதிர்த்தரப்பு கேலி பண்ணுச்சு. நாலு நாள் கழிச்சு, திருத்தின மசோதா 263க்கு 171ன்னு நிறைவேறிடுச்சு.

பேங்குக்காரனுக்குப் பணம் கொடுத்தது சரியா தப்பான்னு நான் பேச வரலை. என் பொறாமை வேற. அங்க ஒவ்வொரு தொகுதிக்காரனுக்கும் தன்னோட ஆளு எந்தப் பக்கம் கை தூக்கினாருன்னு அன்னிக்குச் சாயங்காலமே தெரியும். சண்டை அசிங்கமா இருந்தாலும் அதுல பேர் இருந்தது, எண்ணிக்கை இருந்தது.

நமக்கு? 1985ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்ததிலிருந்து கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டா பதவியே போயிடும். ஆட்களை விலைக்கு வாங்குறதைத் தடுக்க வந்த சட்டம்னு சொல்றாங்க. விலைக்கு வாங்குறது நின்ன மாதிரி தெரியலை, தொகுதிக்காகக் கட்சியை மீறுறதுதான் நின்னுபோச்சு. அதைவிட மோசம், எங்க விஷயம் ஓட்டெடுப்பு வரைக்கும் போனதே இல்லை. ஒரு மசோதா வந்து தோத்திருந்தாக்கூட மறுத்தது யாருன்னு ஒரு பட்டியல் கைக்கு வந்திருக்கும். இப்போ இருக்கிறது மனு, அதுக்குப் பதில், குழு, அறிக்கை, மறுபடி மனு. மாநிலம் அப்பப்போ கிலோவுக்கு 2 ரூபாய் மானியம்னு அறிவிக்கும். அது மானியம், உரிமை இல்லை. அடுத்த வருஷம் உண்டான்னு அறிவிச்சவங்களுக்கே தெரியாது.

கட்சியை மாத்திப் பாருங்கன்னு சொல்வீங்க. பார்த்துட்டோம். 1998லும் 1999லும் பாஜகவின் மாஸ்டர் மாதன். முதல் தடவை அதிமுக கூட்டணியில், மறு வருஷம் திமுக கூட்டணியில்! 2004ல் காங்கிரஸின் பிரபு, 2009ல் திமுகவின் ஆ.ராசா, 2014ல் அதிமுகவின் கோபாலகிருஷ்ணன், அப்புறம் 2019லும் 2024லும் மறுபடி ராசா. 2024ல் அவரை எதிர்த்து நின்னவர் மத்திய இணையமைச்சர் எல்.முருகன். நாலு கட்சியை டெல்லிக்கு அனுப்பிட்டோம், இலை விலை அப்படியே இருக்கு. 2014ல் நோட்டாவுக்கு 46,559 ஓட்டு விழுந்தது, நாட்டிலேயே அதிகம். பாஜக வேட்பாளரோட மனு தள்ளுபடியானதும் அதுக்கு ஒரு காரணம்தான். சட்டசபையில் மட்டும் என்ன? 2021ல் ஊட்டிக்குக் காங்கிரஸ், குன்னூருக்குத் திமுக, கூடலூருக்கு அதிமுக. மூணு தொகுதிக்கு மூணு கட்சி.

இவங்க எல்லாரும் உண்ணாவிரதப் பந்தலுக்கு வந்தா ஒரே மாதிரிதான் பேசுவாங்க, விவசாயிக்கு ஆதரவுன்னு. துண்டு நிறம்தான் மாறும். பந்தலை விட்டு இறங்கினதும் ஒற்றுமை கட்சியோட போயிடும். இதுல எங்க ஆட்களையும் விடக்கூடாது. நம்ம ஹட்டியிலேயே, தன் கட்சி ஆட்சியில் இருக்கும்போது "இப்போ போராட்டம் வேண்டாம்பா, தலைவருக்குச் சங்கடம்"னு சொல்றவங்களும், ஆட்சி போனதும் முதல் ஆளா மைக் பிடிக்கிறவங்களும் ஒரே ஆட்கள்தான். 15 ரூபாய்க்கு இலை போடுறப்போ எந்தத் தலைவருக்குச் சங்கடம்?

பேக்டரிக்காரர்கள் சொல்றது ஒண்ணு உண்டு: முத்தின இலையைக் கொண்டுவந்து கொட்டினா தூள் எப்படி ஏலத்தில் விலை போகும்? நியாயமான கேள்வி. ஆனா ரெண்டு இலை ஒரு கொழுந்துன்னு கையால பார்த்துப் பறிக்க ஆள் கூலி வேணும், அந்தக் கூலி 15 ரூபாயில் வராது. அதனால மிஷின்ல வெட்டுறோம், மிஷினுக்குக் கொழுந்தும் முத்தலும் ஒண்ணுதான். விலையைக் குறைச்சுட்டுத் தரத்தைக் கேட்கிறாங்க.

எங்களுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. பச்சைத் தேயிலைக்கு ஆதார விலைன்னு ஒரு தனிநபர் மசோதாவாவது மக்களவைக்கு வரட்டும். தனிநபர் மசோதாக்கள் பெரும்பாலும் விவாதத்துக்கே வராமப் போறது எங்களுக்கும் தெரியும். இருந்தாலும் கொண்டுவரட்டும், ஓட்டுக்கு விடச் சொல்லிக் கேட்கட்டும், கொறடா இல்லாம ஆளாளுக்கு பட்டனை அழுத்தட்டும். தோத்தாலும் பரவாயில்லை. அந்தப் பட்டியலை அச்சடிச்சு ஒவ்வொரு லீப் ஷெட் சுவரிலும் நாங்களே ஒட்டிக்கிறோம்.