மலை மறைத்த படம்

கண்டியில் ஒரு வீட்டுக்குப் படம் தெளிவாக வருமா வராதா என்பதை நெடுங்காலம் தீர்மானித்தது டிவியின் விலை அல்ல. அந்த வீடு மலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான். 1979 ஏப்ரலில் ஐ.டி.என். தொலைக்காட்சி தொடங்கினாலும் அதன் வீச்சு கொழும்பையும் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. 1982 பெப்ரவரி 15 அன்று ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி பிறந்தபோதுதான் அலை மலைநாட்டுக்கு வந்தது. அதை வீசும் பொறுப்பு 2524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலைக்குக் கிடைத்தது. நாட்டின் மிக உயர்ந்த சிகரமே கோபுரத்தைச் சுமந்தாலும், தொலைக்காட்சி அலை நேர்கோட்டில்தான் போகும். குறுக்கே ஒரு முகடு நின்றால் அதன் மறைவில் இருப்பவருக்குப் புள்ளிமழைதான். வேறு மலையில் மோதித் திரும்பிய அலை சற்றுப் பிந்தி வந்துசேர, செய்தி வாசிப்பவரின் தோளுக்கருகே அவரே இன்னொரு தடவை மங்கலாக நிற்பார். அம்பிட்டியவில் நல்ல படம் என்றால் இரண்டு வளைவு கீழே இறங்கியவருக்கும் நல்ல படம் என்று சொல்ல முடியாது.

தோட்டங்களில் கதை வேறு. லயத்துக்கு மின்சாரமே வராத காலத்தில் கார் பற்றரியில் ஓடும் சின்னஞ்சிறு கறுப்பு வெள்ளைப் பெட்டிதான் தொலைக்காட்சி. பற்றரி இறங்கினால் அதைச் சுமந்துகொண்டு டவுனுக்குப் போய்ச் சார்ஜ் போட்டு வரவேண்டும். திகனைக்கு அப்பால் விக்டோரியா அணைக்கட்டு 1985இல் திறக்கப்பட்டு 210 மெகாவாற் மின்சாரம் எடுக்கும் வசதி வந்த பிறகும், அந்தக் கம்பிகள் தலைக்கு மேலாகப் போவதைப் பார்த்துக்கொண்டே பற்றரி தூக்கியவர்கள் உண்டு.

அலை தராததை டெக், அதாவது வீடியோ கசெட் பிளேயர், தந்தது. 1977இல் இறக்குமதிக் கதவு திறந்தது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பும்போது அட்டைப் பெட்டிக்குள் டெக்கும் வந்தது. ஆனால் டெக்குக்கான பசியை மூட்டியது அரசாங்கந்தான் என்பது என் கணிப்பு. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த திரைப்படக் கூட்டுத்தாபனம் படங்களின் இறக்குமதியைத் தன் கையில் வைத்திருந்தது. உள்ளூர்ச் சிங்கள சினிமாவைக் காப்பாற்றவும் அந்நியச் செலாவணியை மிச்சம் பிடிக்கவும் செய்த ஏற்பாடு அது. முதல் நோக்கம் ஓரளவு நிறைவேறவும் செய்தது. விலையைக் கொடுத்தவர் தமிழ்ப்பட ரசிகர். சென்னையில் ஓடி முடிந்த படம் கண்டித் தியேட்டருக்கு வர வருடக்கணக்காகும், வராமலும் போகும். கசெட்டோ சில வாரங்களில் வந்துவிடும். கொப்பியின் கொப்பியின் கொப்பியாக இருந்தாலும் யாரும் குறை சொல்லவில்லை.

அந்தப் படத்தின் தரத்தை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. விஎச்எஸ் நாடாவில் கிடைமட்டத்தில் தேறும் விவரம் சுமார் 240 கோடுகள். அதையும் கண்டியின் ஈரம் விட்டுவைக்கவில்லை. மழைக்காலம் முடிந்து அலுமாரியைத் திறந்தால் நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருக்கும். தெரியாமல் அதைப் போட்டால் டெக்கின் ஹெட் அடைபட்டு, திரை முழுக்கச் சாம்பல் கோடு. மேல்மூடியின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி, வெள்ளைத் தாள் துண்டை ஸ்பிரிட்டில் நனைத்து, பளபளக்கும் அந்த உருளையில் ஒட்ட வைத்து, தாளை அசைக்காமல் உருளையைத்தான் மெதுவாகச் சுழற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் போய்விடும். இந்த வித்தை தெரிந்தவர் ஊருக்கு ஒருவராவது இருந்தார்.

இவை எல்லாவற்றையும் ஒரே படத்தில் வைத்துப் பார்க்க வழி இருக்கிறது. 1983இல் ஸ்டீவன் ஸ்பில்பேர்க் தன் இரண்டாவது இந்தியானா ஜோன்ஸ் படத்துக்காகக் கண்டிக்கு வந்தார். ஹந்தானைத் தோட்டப்பகுதியில் ஒரு கிராமத்தைக் கட்டினார்கள். கதையில் வரும் தொங்குபாலத்தை, அப்போது விக்டோரியா அணையைக் கட்டிக்கொண்டிருந்த பொறியியலாளர்களின் துணையோடு பள்ளத்தாக்குக்கு மேலே கட்டி, பிறகு நிஜமாகவே அறுத்து வீழ்த்தினார்கள். கிராமத்துப் பூசாரியாக நடித்தவர் நம் நாட்டு நடிகர் டீ. ஆர். நாணயக்கார. இந்தியாவைப் பற்றிய அந்தப் படத்தின் கண்ணோட்டம் எனக்கு ஒப்பானதல்ல. ஆனால் மலை நம்முடையது. 1984இல் வெளிவந்த அந்தப் படம் அகலத்திரைக்காக எடுக்கப்பட்டது: உயரம் ஒன்று என்றால் அகலம் ஏறக்குறைய 2.35. அக்காலத்து டிவியோ நாலுக்கு மூன்று. திரை நிறையும்படி வெட்டிய கசெட்டில் அகலத்தின் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் போய்விடும். தொங்குபாலத்தின் ஒரு முனை தெரிந்தால் மறுமுனை தெரியாது. நம் பள்ளத்தாக்கை நம் வீட்டுக்குள் முழுசாகப் பார்க்க அப்போது வழியில்லை.

விசிடி வந்து நாடாவின் பூஞ்சணத்தை ஒழித்தது. ஆனால் 352க்கு 288 புள்ளிகளில் அதன் படம் நல்ல கசெட்டைவிடப் பெரிதாக மேம்படவில்லை. ஒரு தமிழ்ப்படத்துக்கு இரண்டு மூன்று தட்டு, சண்டைக் காட்சியில் சதுரம் சதுரமாக உடையும். உண்மையான தாவல் டிவிடியில் நடந்தது: 720க்கு 576. லண்டன் ஐங்கரன் போன்ற நிறுவனங்களின் தட்டுகளைப் புலம்பெயர்ந்த உறவினர் கொண்டுவந்து தந்தபோதுதான் தமிழ்ப்படத்தின் நிறம் இதுதானா என்று பலருக்குத் தெரிந்தது. நடுவே வலயம் என்றொரு தொல்லையும் இருந்தது: ஒரு வலயத்துத் தட்டு மற்ற வலயத்துப் பிளேயரில் ஓடாது. இலங்கை 5ஆம் வலயம், லண்டன் 2ஆம் வலயம். எந்தத் தட்டையும் வாசிக்கும்படி மாற்றிய பிளேயர்தான் விலைபோனது.

அடுத்த படியை இந்த ஊர் ஏறாமலே தாண்டிவிட்டது. டிவிடிக்கு அடுத்த தலைமுறைத் தட்டுக்கான போட்டியில், 2008 பெப்ரவரியில் தொஷிபா தன் வடிவத்தைக் கைவிட்டு புளூரே வென்றபோது உலகம் வடிவப் போர் முடிந்தது என்று பேசியது. கண்டியில் யாருக்கும் போர் நடந்ததே தெரியாது. தட்டின் விலையும் பிளேயரின் விலையும் அப்படி. அதே சில ஆண்டுகளில் டயலொக்கின் டிஷ் கூரைக்கு ஏறியது, 2008இல் டெலிகொம்மின் பியோ டிவி தொலைபேசிக் கம்பி வழியே நுழைந்தது. டிஷ்ஷுக்கு வானம் தெரிந்தால் போதும். ஹந்தானை மலையின் அதிகாரம் முதன்முறையாகக் குறைந்தது. மாறாக மழை அதிகாரம் பெற்றது. ஐப்பசிப் பின்னேர இடிமழையில், உச்சக்காட்சிக்குச் சற்று முன், படம் உறைந்து நிற்பதை டிஷ் வைத்திருக்கும் எவரும் அறிவார்.

2016 ஜனவரியில் நெட்ஃப்ளிக்ஸ் வந்தது. அதன் கணக்குப்படி 1080 தரத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிற் போதும், 4கேக்கு 15 வேண்டும். 4கே படம் மணிக்கு 7 ஜிபி வரை தின்னும். பைபர் போய்ச்சேர்ந்த குண்டசாலையில் இது பெரிய விஷயமல்ல. கம்பி எட்டாத தெல்தோட்டைப் பக்கம் பெரிய விஷயம். விற்பனையாளர் சொல்லாத ஒன்றையும் சேர்க்க வேண்டும்: 40 அங்குல டிவியை ஐந்தாறு அடிக்கு அப்பாலிருந்து பார்த்தால், கூடுதல் புள்ளிகளை நல்ல கண்ணாலும் பிரித்தறிய முடியாது. வித்தியாசம் தெரிவது புள்ளிகளின் எண்ணிக்கையில் அல்ல, விநாடிக்கு எவ்வளவு தகவல் வருகிறது என்பதில்தான். புளூரே படத்துக்கு மட்டும் 40 மெகாபிற் வரை ஒதுக்கும். இருட்டுக் காட்சியில் கறுப்பு திட்டுத்திட்டாகப் பிரியாமல் இருப்பது அதனால்தான். ஆகவே சாதாரணப் பார்வைக்கு 1080 இணையப் படம் போதும், 4கேக்கு மாதாமாதம் கூடக் கொடுப்பது வீண். திரும்பத் திரும்பப் பார்க்கும் ஐந்தாறு படங்களைத் தட்டாக வாங்கி வைப்பதே புத்தி. அதற்கும் காலம் குறுகுகிறது. சாம்சங் அமெரிக்கச் சந்தையில் புளூரே பிளேயரை 2019இலேயே கைவிட்டது, எல்ஜியும் பிறகு நிறுத்திவிட்டது.

இணையத்தை மட்டும் நம்புவதில் உள்ள ஆபத்தை 2022 காட்டியது. மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு. 200 ரூபாய்க்கருகில் இருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்ட, டொலரில் கட்டும் சந்தாவும் அதே வேகத்தில் ஏறியது. டெக் காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு தீர்மானித்ததை இப்போது நாணயமாற்று விகிதம் தீர்மானிக்கிறது.

மாதச் சந்தா இல்லாமல் ஹைடெபினிஷன் ஒளிபரப்பு வீட்டுக்கு வர ஒரு வழி உண்டு: தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு. 2014 செப்டெம்பரில் ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே கொழும்பு வந்தபோது ஜப்பானிய முறையை ஏற்பதாக உடன்பாடு கண்டார்கள். அரசாங்கங்கள் மாறின, திட்டம் கோப்பிலிருந்து கோப்புக்கு மாறியது. இன்றும் சாதாரண அன்டெனாவுக்கு வருவது 1982இல் வந்த அதே 625 கோட்டுப் படம். பைபர் வாங்க முடிந்தவரும் டிஷ்ஷுக்கு மாதம் கட்ட முடிந்தவரும் தப்பித்துக்கொண்டார்கள். புஸ்ஸல்லாவையிலும் கலஹாவிலும் லயத்துப் பிள்ளைகள் ஆறு அங்குலக் கைபேசியில், ரீலோட் தீரும்வரை, 1080இல் படம் பார்க்கிறார்கள். ரூபவாஹினிக்குக் கோபுரம் கட்டியபோது அரசு தோட்டத்துக்கும் சேர்த்துத்தான் கட்டியது. டிஜிட்டல் கோபுரத்துக்கு வந்ததும் அந்த எண்ணத்தைக் கைவிட்டுவிட்டதா என்பதற்கு அமைச்சர்கள் பதில் சொல்ல வேண்டும்.