பட்டாணிக் கணக்கில் அடங்காத பிள்ளைகள்

தாய், தந்தை இருவருக்கும் ஓ வகை ரத்தம் என்றால் பிள்ளைக்கும் ஓ வகைதான் இருக்கும் என்பது பள்ளி உயிரியலோடு நம்மில் பலர் மனத்தில் படிந்துவிட்ட விதி. அந்த வீட்டில் பி வகைக் குழந்தை பிறந்துவிட்டால் சந்தேகம் முதலில் தாயின் மீதுதான் விழும். அந்த விதி மிகப் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்தும். எல்லோருக்கும் பொருந்தாது என்பதற்கான சான்று நம் நாட்டிலேயே கிடைத்தது. 1952இல் ஒய்.எம். பெண்டேயும் அவருடன் பணியாற்றியவர்களும் பம்பாயில், அறியப்பட்ட எந்த வகையிலும் சேராத ரத்தம் கொண்டவர்களைக் கண்டறிந்தார்கள். சிவப்பணுவின் மேற்பரப்பில் எச் என்ற பொருள் இருந்தால்தான் அதன்மேல் ஏ, பி அடையாளங்கள் உருவாகும். எச் பொருளை உண்டாக்கும் மரபணுவின் இரண்டு பிரதிகளும் செயலிழந்தவரிடம் பி மரபணு நல்ல நிலையில் இருந்தாலும் வெளியே தெரியாது. வழக்கமான சோதனை அவரை ஓ என்றே காட்டும். அவரிடமிருந்து பி மரபணுவும், துணையிடமிருந்து செயல்படும் எச் மரபணுவும் பிள்ளைக்கு வந்தால் பிள்ளை பி வகைதான். உலகின் பிற பகுதிகளைவிட இந்தியாவில் இந்த 'பம்பாய் வகை' அதிகம். ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு உண்டு என்கிறார்கள். இது அறிவு சார்ந்த செய்தி மட்டுமல்ல, உயிர் காக்கும் செய்தியும்கூட: இவர்களுக்குச் சாதாரண ஓ வகை ரத்தத்தை ஏற்றக் கூடாது.

இதனால், பட்டாணிச் செடிகளைக் கொண்டு மரபு விதிகளை வகுத்த மெண்டல் தவறாகிவிட்டாரா என்று கேட்கலாம். இல்லை. பம்பாய் வகையிலும் ஒவ்வொரு மரபணுவும் அவர் சொன்னபடிதான் பிரிந்து செல்கிறது. ஒரு பண்புக்கு ஒரு மரபணு என்று நாமாக ஏற்றிக்கொண்ட நம்பிக்கைதான் உடைகிறது. உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: பட்டாணியில் நெட்டை, குட்டை என்று இரண்டாகப் பிரிந்த பண்பு அது. மனிதரிலோ, 2022இல் வெளியான பெரும் ஆய்வு உயரத்தோடு தொடர்புடைய சுமார் 12,000 மரபணு வேறுபாடுகளைக் காட்டியது. அவற்றோடு ஊட்டமும் நோயும் சேர்ந்துகொள்கின்றன. கடத்தப்படும் முறையே மெண்டலின் கணக்குக்கு வெளியே நிற்பதும் உண்டு. அவரது விதிகளை 1900இல் மீட்டெடுத்தவர்களுள் ஒருவரான கார்ல் காரென்ஸ், 1909இல் அதை அந்திமந்தாரையில் காட்டினார். வெள்ளைத் திட்டு விழுந்த இலைகள் கொண்ட செடிகளில், மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும், நாற்றின் இலை நிறம் விதை விளைந்த கிளையைத்தான் பின்பற்றியது. பசுங்கணிகங்கள் சூல் செல் வழியே வருவதே காரணம். நம் உடலின் மைட்டோகாண்ட்ரியாவும் அப்படித் தாய்வழியே வருவதுதான்.

எளியதை முதலில் சொல்லிக்கொடுத்து, விலக்குகளைப் பிறகு பார்க்கலாம் என்பார்கள் ஆசிரியர்கள். கற்பித்தலில் அது நல்ல முறைதான். ஆனால் பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடுபவர்களுக்கு அந்தப் 'பிறகு' வருவதே இல்லை. எல்லை சொல்லப்படாத விதியோடு அவர்கள் வெளியேறுகிறார்கள். டிஎன்ஏ சோதனை இருக்கும் காலத்தில் ரத்த வகையை வைத்து யார் முடிவெடுக்கப்போகிறார்கள் என்ற மறுப்பும் போதாது. அந்தச் சோதனைக்குச் செலவாகும், துணிவும் வேண்டும். சந்தேகத்துக்கு இரண்டும் தேவையில்லை. பம்பாய் வகையைப் பட்டாணிக்கு அடுத்த பக்கத்திலேயே, பத்தாம் வகுப்பிலேயே வைக்க வேண்டும். அதன்பின் வணிகவியலுக்குப் போகிறவர்களும் நாளை கணவராவார்கள், மாமியாராவார்கள்.