ஸ்டோர் ஆசிட்டும் நாலாம் படிவக் கணக்கும்

நாலாம் படிவத்துக்குப் போன பிள்ளைகள் இரசாயனப் புத்தகத்தில் 'மோலாரிட்டி' என்ற சொல்லைக் கண்டதும் மிரண்டு போகிறார்கள். "நமக்கு எதற்கு இந்த வம்பு, கலைப்பிரிவுக்கு மாறிவிடு" என்று பெற்றோரும் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. ரந்தாவ், லிங்கி, பகாவ் பக்கத்து ரப்பர் ஸ்டோர்களில் நம் பெரியவர்கள் நாள்தோறும் பார்த்த வேலைதான் இது. அத்தோட்டங்களில் பலவும் இன்று செம்பனைக்கு மாறிவிட்டன, கணக்கு மாறவில்லை.

பாலை உறைய வைக்க ஊற்றும் ஆசிட், பார்மிக் அமிலம். சிவப்பெறும்பிடம் இருப்பதும் இதுவே. 1671-இல் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளைக் காய்ச்சி வடித்து இதைப் பற்றி எழுதினார். ஜாடியில் வருவதை அப்படியே ஊற்றக்கூடாது; நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்கு நீர்க்கச் செய்ய வேண்டும். ஆசிட் குறைந்தால் தொட்டித் தண்ணீர் வெள்ளையாகவே நிற்கும். அந்த வெள்ளை அத்தனையும் வீணாய்ப் போகும் ரப்பர். கூடினாலோ கட்டி இறுகி, மெஷினில் போட்டு இழுக்கச் சிரமம். பழைய கைகள் பால் டின்னால் அளந்தே சரியாகக் கலந்தன. ஏன் அந்த அளவு என்று மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

முட்டைக்கு டஜன் போல, மூலக்கூறுகளை எண்ண ஒரு கட்டு உண்டு, அதுதான் மோல். பார்மிக் அமிலத்தில் ஒரு மோல் 46 கிராம். ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் இருக்கிறதோ, அது மோலாரிட்டி. கையில் 920 கிராம் அமிலம், வேண்டியது 0.4 மோலார் கரைசல் என்று வைத்துக்கொள்வோம். 920-ஐ 46-ஆல் வகுக்க 20 மோல். 20-ஐ 0.4-ஆல் வகுக்க 50 லிட்டர். ஏறக்குறைய ஸ்டோரில் கலந்த அதே பதம்!

பிள்ளைகள் மதிப்பெண்ணைக் கோட்டை விடுவது இனிமேல்தான். 50 லிட்டர் என்பது கலந்து முடிந்த மொத்த அளவு. அவ்வளவு தண்ணீரை ஊற்றுவது அல்ல. ஜாடியில் 90 சதவீதம் என்றிருந்தால், ஒரு கிலோவில் அமிலம் 900 கிராம்தான். கரைசலும் 49 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே வரும்.

சொந்த மரம் வெட்டுவோர் கவனிக்க: தண்ணீரில்தான் ஆசிட்டை மெல்ல ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் தெறிக்கும். கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: 92 சதவீத ஆசிட் ஒரு கிலோ இருக்கிறது. 0.5 மோலார் கரைசல் எத்தனை லிட்டர் கிடைக்கும்? விடை அடுத்த இதழில்.