செவி கேளாச் சிறாரும் அவர்தம் மொழியும்

மொழி யாதெனின் ஒலியே என்று விடையிறுத்தற்கு நம்மில் ஒருவரும் தயங்கார். எழுத்தும் சொல்லும் பயிலும் யாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம். சென்ற கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு முன்னர்க் கல்லூரிச் சமூக சேவைச் சங்கத்தாருடன் செவி கேளாச் சிறார் பயிலும் சிறப்புப் பள்ளியொன்றிற்குச் சென்று, ஒரு பகற்பொழுது ஆங்கிருந்து மீண்ட பின்னர் அவ்வெண்ணம் எம்மை விட்டகன்றது.

ஆங்கு முற்றத்தில் சிறார் தம் கைகளால் உரையாடினர்; கதை கூறினர்; ஒருவரையொருவர் நகையாடினர். வகுப்பறையிலோ ஆசிரியர் கரும்பலகையை நோக்கிப் பேச, அச்சிறார் எழுதியதைப் பார்த்தெழுதி வாளாவிருந்தனர். மாலையில் ஏழாண்டு நிரம்பிய சிறுமி ஒருத்தியை அழைத்துச் செல்ல அவள் தாய் வந்தார். சிறுமி விரைந்து கையசைத்து ஏதோ கூறினாள். 'வா', 'சாப்பிடு', 'தூங்கு' என்னும் மூன்று சைகைகளே அத்தாய்க்குத் தெரியும். அவர் எம்மை நோக்கி, "என் பிள்ளை என்ன சொல்லுது, ஐயா?" என வினவினார். எமக்கும் தெரியவில்லை. பெற்ற மகளின் சொல்லை அயலாரிடம் வினவி நின்ற அம்முகம் இன்றும் எம் கண்முன் நிற்கின்றது.

உதட்டசைவை நோக்கி இச்சிறார் பேச்சை அறியலாகாதோ எனச் சிலர் வினவுவர். அதற்கு விடை நம் இலக்கணத்திலேயே உளது. பகரமும் மகரமும் இதழிரண்டும் இயையப் பிறப்பன என்றும், மெல்லெழுத்து மூக்கின் வளியால் ஒலிப்பது என்றும் தொல்காப்பியனார் பிறப்பியலுள் வகுத்தார். மூக்கின் வளியைக் கண் காணுமோ? ஆதலின் 'பணம்' என்பதும் 'மணம்' என்பதும் உதட்டை நோக்குவார்க்கு ஒன்றே. ககரமோ நாவின் அடி அண்ணத்தின் அடியைப் பொருந்தப் பிறப்பது, வாயினுள்ளேயே மறைந்தொழியும். 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தார்' என்பவற்றின் வேறுபாடு இறுதி மெய்யொன்றில் உளது. அது நாவின் தொழில், இதழ் அதனைக் காட்டாது. மொழியை முன்னரே அறிந்தவன் இடம் நோக்கி ஊகித்துக்கொள்வான். மொழியையே அறியாத குழந்தை எதைக்கொண்டு ஊகிக்கும்?

இச்சிறார் எழுதுங்கால் "நேற்று நான் ஊர் போ, அம்மா பார்" என எழுதக் கண்டு, அறிவிற் குறைந்தோர் என இகழ்வாருமுளர். வேற்றுமையுருபும் விகுதியும் நமக்குத் தாய்மடியில் செவிவழிப் புகுந்தவை. அவர்க்கோ தமிழ் கண்வழிக் கற்கும் இரண்டாம் மொழி. நாம் ஆங்கிலத்தில் இழைக்கும் பிழைகளை நினைவிற்கொண்டால் அவரை நகையாடத் துணியோம். 'ஊமை' என்னும் பெயரும் பொருந்தாது. பேச்சுறுப்பிற் குறையின்றியும், கேளாமையாலேயே அவருட் பலர்க்குப் பேச்சு வாராதாயிற்று.

இத்தவறு நம் நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. 1880-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு மிலான் நகரிற் கூடிய ஆசிரியர் பேரவை, பேச்சே சிறந்ததெனத் தீர்மானித்துச் சைகை மொழியை வகுப்பறையினின்றும் விலக்கிற்று. கூடியோருள் மிகப் பெரும்பாலோர் செவி கேட்போரே. அத்தீர்மானங்களை ஏற்பதற்கில்லை என அப்பேரவையின் வழிவந்தோர் கனடா நாட்டு வான்கூவரில் அறிவித்தது 2010-இல். இடையில் கழிந்தன 130 ஆண்டுகள்! இதனிடையே 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி என்பார், அமெரிக்கச் சைகை மொழி தனக்கெனக் கட்டமைப்புடையதொரு மொழியே என ஆராய்ந்து காட்டினார்.

தமிழகத்தில் ஃபிளாரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டிலேயே பாளையங்கோட்டையில் இத்தகையதொரு பள்ளியைத் தொடங்கினார். 2015-இல் புதுதில்லியில் இந்தியச் சைகை மொழிக்கென ஆராய்ச்சி, பயிற்சி மையம் நிறுவப்பட்டது. 2018-இல் 3,000 சொற்களுடன் அது வெளியிட்ட அகராதி 2021-இல் 10,000 சொற்களாய் விரிந்தது. சைகை மொழியில் தேர்ந்த ஆசிரியரைப் பயிற்றி அமர்த்துக என 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் பணிக்கின்றது. அகராதியும் சட்டமும் இருந்தும் கை பேசாத வகுப்பறைகள் உள. இதுவே எம் மனக்குறை.

செவிக்கருவியும் உட்செவியிற் பதிக்கும் கருவியும் நற்பயன் தருவன, யாம் மறுத்திலம். ஆயின் இளமையிலேயே கிட்டி, இடையறாப் பயிற்சியும் கூடினாலன்றி அவை நிறைபயன் தாரா. எல்லார்க்கும் ஒருபடித்தாய்ப் பயன்படுவதுமில்லை. அவற்றை நோக்கிக் காத்திருக்கும் ஆண்டுகளில் குழந்தையின் மொழிப்பருவம் காத்திராது. சைகை கற்றாற் பேச்சு வாராது என்னும் அச்சத்திற்கும் ஆதாரமில்லை.

ஆகவே யாம் வேண்டுவன இவை: சிறப்புப் பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் சைகை மொழியிற் சரளமாக உரையாடத் தேர்தல் வேண்டும். செவி கேளாதாருள் கற்றோரை ஆசிரியராக அமர்த்தல் வேண்டும். தம்மைப்போன்ற ஒருவர் கற்பிக்கக் காண்பதே அச்சிறார்க்குப் பெருந்துணை. இக்குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் செவி கேட்கும் பெற்றோர்க்கே பிறக்கின்றனர். ஆதலின் பள்ளி குழந்தைக்கு மட்டுமன்றித் தாய்தந்தையர்க்கும் அம்மொழியைக் கற்பித்தல் வேண்டும்.

நண்பர்காள்! பரிசுப் பொதிகளோடு ஆண்டிற்கொரு முறை சென்று மீள்வது எளிது. மொழிகள் பலவற்றை விரும்பிக் கற்கும் நாம், நம் அருகில் வாழ்வார் பேசும் இம்மொழியையும் கற்றலாகாதோ? வாரத்திற்கு ஒரு மணி நேரம் நம் கல்லூரியிலேயே சைகை மொழி வகுப்பொன்று, செவி கேளா ஆசிரியர் ஒருவரைக் கொண்டு, வரும் ஆண்டிலே தொடங்குக என வேண்டுகின்றோம். அத்தாய் மறுமுறை வினவுங்கால் விடை கூறுவார் ஒருவரேனும் நம்முள் இருப்பாராக. வினவவே வேண்டாத நாளும் விரைவில் அவர்க்கு வருவதாக!