கடை திறந்த கை கட்டிலும் போடட்டும்!

மூலக்கொத்தளம் இடுகாட்டின் வாயிலில் ஒரு நாள் நின்று பாருங்கள், தோழர்களே! நடராசனும் தாளமுத்துவும் உறங்கும் மண் அது. மொழிக்காகச் சிறை புகுந்து, 1939-ல் சிறைவாசத்தின்போதே நோயுற்று மாண்ட அந்த மாவீரர்களுக்கு ஆண்டுதோறும் அங்கே வீரவணக்கம் செலுத்துகிறோம். அதே மண்ணுக்கு, துறைமுகத்திலே மூட்டை சுமந்தவனும், காசிமேட்டிலே வலை இழுத்தவனும், குடித்துக் குடித்து உருகிப் பாடையிலே வந்து சேருகிறானே, அவனுக்கு நாம் செலுத்துவது என்ன? "குடித்தான், செத்தான்" என்ற இரண்டே சொல்!

குடி ஒழுக்கக்கேடு என்று உபதேசிப்போர் உண்டு. அடிமையாக்கிவிட்ட குடியை நோய் என்கிறது மருத்துவம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால், கை நடுங்கும். இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம். இல்லாதவை கண்ணெதிரே தோன்றலாம். கவனிப்பார் இல்லையேல் உயிரும் போகலாம். பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன் மூன்றாம் நாள் மீண்டும் கடைக்கு ஓடுவது கோழைத்தனத்தால் மட்டுமா? அவனுக்கு வேண்டியது சாபமன்று; சில வாரம் தங்கிப் படுக்க ஒரு கட்டில், அருகே ஒரு மருத்துவர், மனம் விட்டுப் பேச ஒரு துணை. துயரம் தாங்காது உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தவளுக்கும் வேண்டியது அதுவே.

நாம் தந்தது என்ன? 1794-ல் தொடங்கும் நெடிய வரலாறு கொண்ட மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கத்தின் பெயரையே வசைச்சொல்லாக்கினோம்! அந்த ஏளனத்துக்கு அஞ்சி ஒதுங்கும் குடும்பங்கள் எத்தனை! நோயாளிகள் ஒப்படைக்கப்பட்ட ஏர்வாடிக் காப்பகமொன்றில், 2001 ஆகஸ்டு 6 அன்று தீ மூண்டது. சங்கிலியில் கட்டுண்டு கிடந்தவர்கள் எப்படி ஓடுவார்கள்? 28 உயிர்கள் கருகின!

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியை எவ்வடிவிலும் தடை செய்தது. மதுவாலும் போதைப்பொருளாலும் விளையும் மனநிலைக் கேட்டையும் மனநோய் என ஏற்றது. அரசு செலவில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியது. சட்டம் வந்துவிட்டது, கட்டில் வீட்டருகே வரவேண்டாமா?

2003 முதல் மதுச் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் கடை நடக்கிறது, கருவூலம் நிறைகிறது. நோய்க்கு வழி திறந்த கைக்கு, மருந்துக்கு வழி திறக்கும் கடமை இல்லையா?

கட்டில் கிடைத்தாலும் கூலி? ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள தொழிலாளிக்கு, விதிகளுக்கு உட்பட்டு, ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். அன்றாடங்காய்ச்சிக்கு அந்த நிழலும் இல்லை. முப்பது நாள் அவன் படுத்தால், முப்பது நாள் அடுப்பு அணையும். பிறகு எப்படி அவன் படுக்க வருவான்?

ஆகவே, தோழர்களே, இரண்டு கோரிக்கைகளை எழுப்புவோம்: இராயபுரம் முதல் எண்ணூர் வரை, நடந்து செல்லும் தொலைவில் பூட்டில்லாச் சிகிச்சைக் கூடங்கள், சிகிச்சை நாட்களில் குடும்பத்துக்குப் படி. கோரிக்கை வெல்லும்வரை, தள்ளாடி வருபவனைக் கண்டு சிரிக்காமல், கைபிடித்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது கிளைத் தோழரின் கடமையாகட்டும்.

இடுகாட்டுக்குத் தோள் கொடுக்கத் தெரிந்த நாம், மருத்துவமனைக்கும் தோள் கொடுப்போம்!