ஏற்றத்தில் மக்கர் செய்த கார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெந்தோங்கில் பெரியம்மா வீட்டில் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு, அம்மாவைப் பின் இருக்கையில் உட்கார வைத்து, காராக் நெடுஞ்சாலையில் கோலாலம்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கெந்திங் செம்பா ஏற்றம். முன்னால் ஊர்ந்த லாரியை முந்தலாம் என்று வலது தடத்துக்கு மாறி எக்சிலரேட்டரை நன்றாக மிதித்தேன். கார் இழுக்கவில்லை. மீட்டருக்குக் கீழே ஒரு வரி: ‘எஞ்சின் பவர் ரெடியூஸ்டு’. பக்கத்திலேயே மஞ்சள் எஞ்சின் விளக்கு.

நூறில் போன கார் நாற்பதுக்கு இறங்கியது. பின்னால் வந்தவர்கள் ஹாரனிலேயே என் குலம் கோத்திரம் விசாரித்தார்கள். நான்கு பக்க சிக்னலையும் போட்டு, இடது பக்கம் நகர்ந்து, அவசரத் தடத்தில் நிறுத்துவதற்குள் கை வியர்த்துவிட்டது. அம்மாவை இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தேன். “பெட்ரோல் போட்டியா?” என்று கேட்டார். அம்மாவுக்குத் தெரிந்த ஒரே கார் வியாதி அதுதான்.

சாவியைத் திருப்பி அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்தேன். அந்த வரி காணாமல் போயிருந்தது. ஒன்றுமே நடக்காத மாதிரி கார் வீடு வரை ஓடியது. இதில் உள்ள ஆபத்தே இதுதான். அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது, நாமும் மறந்துவிடுகிறோம்.

நான் மறக்கவில்லை. மறுநாளே தம்பியை அழைத்துக்கொண்டு வீட்டருகே இருந்த ஒரு பட்டறைக்குப் போனேன். கார் என்னுடையது, ஓட்டுவது நான், பணம் கட்டுவதும் நான். ஆனால் அங்கிருந்தவர் பேசியது முழுக்கத் தம்பியிடம். “என்ன கோட் வந்துச்சு அண்ணே?” என்று நான் கேட்டால், தம்பியைப் பார்த்து, “அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா” என்றார். திராட்டல் பாடியைக் கழுவி, கோடை அழித்து, 180 வெள்ளி வாங்கிக்கொண்டார்.

நான்காவது நாள் விடியற்காலை 4.45. காலை நிகழ்ச்சிக்குப் போக ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் வேகம் எடுத்தேன். அதே வரி, அதே மஞ்சள் விளக்கு. நிலையத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது என் நிகழ்ச்சி தொடங்கிப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. சக அறிவிப்பாளர் தொடர்ந்து பாட்டாகப் போட்டுச் சமாளித்திருந்தார். அன்றைக்கு ஏன் இத்தனை பாட்டு என்று நினைத்த நேயர்களுக்கு இப்போது காரணம் தெரிந்திருக்கும்.

இரண்டாவது பட்டறை கையில் ஒரு தாளைக் கொடுத்தது: திராட்டல் பாடி முழுசா மாற்ற வேண்டும், 1,350 வெள்ளி. கட்டியிருப்பேன். சம்பளத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்ததால்தான் கட்டவில்லை.

அந்தப் பத்து நாளில் கிள்ளானில் ஒரு வயதான போமனைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. முதலில் கேள்விதான் கேட்டார். “எப்ப வந்துச்சு? மழையா? ஏசி ஓடுச்சா? மிதிச்சப்பவா, விட்டப்பவா?” யோசித்துப் பார்த்தால், இரண்டு முறையும் நான் ஆழமாக மிதித்தபோதுதான் வந்தது. மீட்டரைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்து, “நல்ல வேலை பண்ணுனீங்க” என்றார். இந்த ஒரு பாராட்டுக்காகவே இன்னொரு முறை கார் கெட்டாலும் பரவாயில்லை போலிருந்தது.

பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் கருவியைச் செருகினார். பி 2135 என்று வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று பொறுமையாகச் சொன்னார். அந்தக் காலத்துக் கார்களில் மிதிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு கம்பி ஓடும். இப்போது கம்பி இல்லை. மிதி மின்சாரத்தில் சேதி அனுப்புகிறது, காரின் கணினி ஒரு மோட்டாரை வைத்துத் திராட்டலைத் திறக்கிறது. சேதி தப்பாகப் போனால் கார் தானாகப் பாய்ந்துவிடும் அல்லவா? அதனால் மிதியில் குறைந்தது இரண்டு சென்சார், திராட்டலில் இரண்டு சென்சார். ஜோடி ஒத்துப்போகாவிட்டால் கணினி இரண்டையும் நம்பாது. எஞ்சினை அடக்கி, ஓரமாக ஒதுங்கும் அளவுக்கு மட்டும் சக்தி கொடுக்கும். எங்கள் ஸ்டூடியோவில் இரண்டு கடிகாரம் இரண்டு நேரம் காட்டினால் நான் மணி சொல்லாமல் பாட்டுப் போடுவேன். அதே கதை.

ஆக, இந்தக் கோட் ‘இந்தப் பாகத்தை மாற்று’ என்று சொல்லவில்லை. ‘இந்த இரண்டு பேருக்குள் தகராறு’ என்று மட்டும்தான் சொல்கிறது. தகராறுக்குக் காரணம் சென்சாராக இருக்கலாம், வயராக இருக்கலாம், கனெக்டராகவும் இருக்கலாம்.

எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் போட்டு, என்னை மிதிக்கச் சொன்னார். “மெதுவாம்மா, முட்டை மேல கால் வைக்கிற மாதிரி.” திரையில் இரண்டு கோடுகள், ஒன்று ஏறியது, மற்றது இறங்கியது. இந்தக் காரில் அப்படித்தான் இருக்க வேண்டுமாம். இரண்டும் வழவழவென்று போயின. அப்போதுதான் பானெட்டைத் திறந்து, திராட்டலுக்குப் போகும் வயரை விரலால் லேசாக அசைத்தார். ஒரு கோடு செங்குத்தாக விழுந்தது.

கனெக்டரைக் கழற்றிக் காட்டினார். ஒரு பின்னில் பச்சை பூத்திருந்தது. அதற்குப் பின்னால் இருந்த வயர் தேய்ந்து நூலாகி இருந்தது. ஆழ மிதிக்கும்போது எஞ்சின் தன் இருக்கையில் சற்றுப் புரண்டு எழும், வயர் இழுபடும், சேதி அறுந்துபோகும். காராக் ஏற்றத்திலும் ஃபெடரலிலும் நடந்தது அதுதான்.

புதுக் கனெக்டரும் கூலியும் சேர்த்து 140 வெள்ளி.

எல்லாக் காருக்கும் இதே காரணம் இருக்காது. பேட்டரி பலவீனமாக இருந்தாலும், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டாலும் கார் இப்படி இழுக்காமல் போகலாம். சில காரில் திராட்டலைக் கழுவினாலே போதும். கோட் என்ன என்று கேளுங்கள், எழுதி வாங்குங்கள், பிறகு பணம் கொடுங்கள். அதுவரை பேட்டரி வயரைக் கழற்றிப் போட்டுச் ‘சரி’ செய்யாதீர்கள், தடயம் அழிந்துவிடும். கூடவே சிவப்பு எண்ணெய் விளக்கோ சூட்டு விளக்கோ எரிந்தால் ஊர்ந்து போகவும் கூடாது, உடனே ஓரமாக நிறுத்தி அணைத்துவிட வேண்டும்.

போமன் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். எஞ்சின் மவுண்ட் தளர்ந்திருக்கிறது, அதனால்தான் இவ்வளவு புரள்கிறதாம். அடுத்த சம்பளத்தில் மாற்ற வேண்டும். அதுவரை பெந்தோங்குக்குப் பஸ்ஸில்தான் போவேன் என்று அம்மா அடம்பிடிக்கிறார்.